மடையைத் திறக்க ஒரு ஆப் போதுமா?

எந்த இன்ஜினியரிங் காலேஜின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். 'ஸ்மார்ட் இரிகேஷன்' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். மண் ஈரப்பதம் பார்க்க ஒரு சென்சார், ஒரு நோட்எம்சியு, ஒரு ரிலே, ஒரு குட்டி மோட்டார். மண் காய்ந்தால் மோட்டார் ஓடும், நனைந்தால் நிற்கும். டெமோவுக்கு ஒரு பூந்தொட்டி. "காலநிலை மாற்றத்திலிருந்து சிறு விவசாயியைக் காக்கும் தீர்வு" என்று ஒரு ஸ்லைடும் நிச்சயம் உண்டு.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அந்த சர்க்யூட் வேலை செய்யும். சொந்தக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் வைத்திருப்பவருக்கு உதவவும் செய்யும். ஆனால் சிறு விவசாயியின் பிரச்னையில் பெரும்பகுதி அவர் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் சென்சாரைச் செருக முடியாது. அங்கே இருப்பது பேச்சு, நம்பிக்கை, கோபம், பழைய கடன், முறை, கூட்டம். சுருக்கமாகச் சொன்னால், உறவு. மழை பொய்த்தாலும் சரி, கொட்டித் தீர்த்தாலும் சரி, சிறு விவசாயியை முதலில் தாங்கிப் பிடிப்பது அதுதான். டெக்னாலஜி கொண்டு போகிறோம் என்ற பெயரில் அதை நாம் அறுத்துவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஏழு வருஷத்தில் ரெண்டு துருவம்

தமிழ்நாட்டில் 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சரியாக ஏழு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் ஒரு வருஷச் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான்! குளங்கள் உடைந்தன, வயல்கள் மணல் மேடாயின.

இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் யார்? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு விவசாயிகளின் நிலங்கள். ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசு இருக்காது. இவர்களில் ஒருவரைப் பார்த்து "காலநிலைக்கு ஏற்ப மாறிக்கொள்ளுங்கள்" என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். அவர் தனியாக மாற முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம். மழை லேட்டாகிறது, அதனால் 135 நாள் நெல்லை விட்டுவிட்டு 105 நாள் ரகத்துக்கு மாறலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்று வையுங்கள். பேப்பரில் சரியான முடிவு. ஆனால் கண்மாய்ப் பாசனத்தில் பல இடங்களில் தண்ணீர் வயல் விட்டு வயல்தான் பாயும். இவர் பயிர் அறுப்புக்கு வந்து வயல் காய வேண்டிய நேரத்தில், பக்கத்து 135 நாள் பயிருக்கு இவர் வயல் வழியாகத் தண்ணீர் போக வேண்டும். அறுவடை மிஷின் உள்ளே வர வேண்டுமென்றால் அடுத்தவர் பயிரை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது இவர் வயல் மட்டும் கதிர் முற்றி நின்றால், அந்த வட்டாரத்துக் குருவிகளும் எலிகளும் விருந்துக்கு வருவது இவர் வீட்டுக்குத்தான்.

ஆக, 'ரகத்தை மாற்று' என்பது ஒரு ஆளின் முடிவு மாதிரித் தெரியும், ஆனால் அந்த மடைக்குக் கீழே இருக்கும் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. இதை எந்த ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்பிச் சாதிக்க முடியாது.

கண்மாய் என்பது வெறும் ஸ்டோரேஜ் டேங்க் இல்லை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன ஏரிகள் இருக்கின்றன. வடக்கே ஏரி, மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய், திருநெல்வேலிப் பக்கம் குளம். நம் பாடப் புத்தகத்தில் இது ஒரு ஸ்ட்ரக்சர்: கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால். ஆனால் இது ஓடுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் தேவை. அந்த சாஃப்ட்வேர் மனிதர்கள்.

மழை வந்து கண்மாய் நிறைந்ததும் ஆயக்கட்டுக்காரர்கள் கூடுவார்கள். எவ்வளவு தண்ணி நிற்கிறது, எத்தனை தடவை பாய்ச்சலாம், முழு ஆயக்கட்டுக்கும் வருமா, வராவிட்டால் என்ன செய்வது என்று பேசி முடிப்பார்கள். அதற்குப் பிறகு மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் வேலை. வயல்காரர் தன் வயலுக்குத் தானே வெட்டிவிடக் கூடாது. கடைமடையில் இருக்கும் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கூலி பெரும்பாலும் அறுவடையில் நெல்லாக வரும். விளைந்தால்தான் அவருக்கும் கூலி. அதனால் எல்லோர் வயலும் விளைய வேண்டும் என்பது அவருக்கும் தேவை. எவ்வளவு நேர்த்தியான இன்சென்டிவ் டிசைன் பாருங்கள்!

தண்ணீர் பத்தாத வருஷத்தில்தான் இதன் அருமை தெரியும். இதே மாதிரிக் குளங்களை நம்பி வாழும் இலங்கையின் உலர் வலயத்தில், சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்று ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தால், குளத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலத்தில் மட்டும் பயிர் வைப்பார்கள். ஆனால் அந்த நிலத்தின் சொந்தக்காரர் மட்டும் பயிர் வைக்க மாட்டார். அந்தப் போகத்துக்கு மட்டும் அதைப் பங்கு பிரித்து, தூரத்தில் நிலம் உள்ளவர்களுக்கும் அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு துண்டு கொடுப்பார்கள். அடுத்த போகம் மழை பெய்ததும் அவரவர் நிலம் அவரவருக்கு. பட்டா, பத்திரம் எதையும் தொடாமல் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நாம் 'ரிஸ்க் ஷேரிங்' என்று மேனேஜ்மென்ட் பேப்பரில் எழுதுவது இதைத்தான்.

கான்கிரீட் போட்டதும் என்ன ஆனது?

இந்த இடத்தில் ஒரு சிவில் இன்ஜினியரிங் சந்தேகம் வரலாம். "மடை, அணை எல்லாவற்றையும் நல்ல கான்கிரீட்டில் கட்டிவிட்டால் இந்தக் கூட்டம், சண்டை எதுவுமே தேவைப்படாதே?" 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ராமும் அவரோடு வேலை செய்தவர்களும் நேபாளத்தில் ஏராளமான பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அரசு கட்டிய நவீன அணைகளும் கால்வாய்களும். இன்னொரு பக்கம் விவசாயிகளே கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டுக் கட்டிக்கொண்டவை; இவை மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு போகும், திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும்.

ரிசல்ட் பலருக்கு அதிர்ச்சி. கடைமடைக்குத் தண்ணீர் கொண்டு போய்ச் சேர்ப்பதிலும், விளைச்சலிலும் விவசாயிகளே நடத்தியவைதான் பொதுவாக மேலாக இருந்தன. காரணம் ரொம்ப சிம்பிள். அணை வருஷாவருஷம் உடையும்போது, அதைத் திரும்பக் கட்ட தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு வேண்டும். உழைப்பு வேண்டுமென்றால் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். நிரந்தரமான கான்கிரீட் அணை வந்ததும் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரர் தேவையில்லாமல் போய்விட்டார். தேவை போனதும் தண்ணீரும் போய்விட்டது.

கான்கிரீட் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு ஸ்ட்ரக்சரைக் கட்டும்போது யாருக்கு யார் தேவை என்ற கணக்கையும் சேர்த்தே மாற்றுகிறோம். அந்தக் கணக்கு நம் டிராயிங் ஷீட்டில் எங்கேயும் வருவதில்லை.

நம்ம ஊரில் இதே வேலையைச் செய்தது போர்வெல். ஒரு காலத்தில் கிணற்றையும் ஆற்றுக் கால்வாயையும் போல ஏரியும் இங்கே பெரிய பாசன ஆதாரம். இன்று தமிழ்நாட்டின் பாசனப் பரப்பில் பாதிக்கும் மேல் கிணறு, போர்வெல்லை நம்பி இருக்கிறது. விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் வந்தது பல குடும்பங்களைக் காப்பாற்றியது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் போர் போட்டவருக்கு மடை திறக்கும் தேதி முக்கியமில்லாமல் போனது. கூட்டத்துக்கு வருவது குறைந்தது. வரத்துக்கால் வெட்ட ஆள் அனுப்புவது நின்றது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. போர் போட வசதியில்லாத ஒரு ஏக்கர்க்காரர் மட்டும் காய்ந்த கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கண்மாய் நிறையாததால் நிலத்தடி நீர் இறங்கி, போர் போட்டவரும் இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடி என்று கடனில் இறங்கினார். இருவரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பதை மறந்ததற்கான விலை அது.

"அந்தக் காலத்துல எல்லாம் ஒத்துமையா இருந்தாங்க" என்றால்...

கொஞ்சம் பொறுங்கள். இந்த இடத்தில் பழம்பெருமைக்குள் வழுக்கி விழுந்துவிடக் கூடாது.

ஊர் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த வேலைக்காக 1858-ல் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்த சட்டத்தின் பெயரே 'கட்டாய உழைப்புச் சட்டம்'. எல்லோரும் சிரித்துக்கொண்டே மண்வெட்டி தூக்கவில்லை. மண் சுமந்தவர்கள் யார், கரையில் நின்று வேலை வாங்கியவர்கள் யார் என்று கேட்டால் பதில் சாதியில் போய் முட்டும். பல ஊர்களில் நீர்க்கட்டிகள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். ஊருக்கே தண்ணீரைப் பங்கிட்டுத் தருபவருக்கு, அந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார இடமில்லை என்றால் அதை உறவு என்று எப்படிச் சொல்வது?

பெண்கள் கதையும் அதேதான். நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர்கள். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். பாசன விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினர் யார் என்பதை நிலத்தை வைத்தே தீர்மானிக்கிறார்கள். நிலம் பெயரில் இல்லாத பெண்ணுக்கும், குத்தகைக்கு உழுபவருக்கும், கூலி வேலை செய்பவருக்கும் அங்கே குரல் இல்லை. வறட்சி வந்தால் முதலில் வேலை போவது கூலிக்காரருக்குத்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதனால் பழைய உறவை அப்படியே மியூசியம் பொருளாகக் காப்பாற்றச் சொல்லவில்லை. உறவைப் புதிதாகவும் உருவாக்கலாம். அதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வரும் விவசாயிக்கு ரெண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். ஒரே ஒரு கண்டிஷன்: அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அது அடுத்த ஆளுக்குப் போகும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்துகொண்டிருந்த 150-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளத்தில் தலை தூக்கி நிற்கும் காட்டுயானம், உப்பு மண்ணைத் தாங்கும் களர்ப்பாளை, கடலோர உவர் நிலத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் குழியடிச்சான். இவை எல்லாமே காலநிலை மாறும்போது கை கொடுக்கக்கூடிய ரகங்கள். ஜெயராமன் 2018 டிசம்பரில் இறந்துபோனார். அவர் விட்டுப்போனதை லாக்கரில் வைத்துப் பூட்ட முடியாது. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாத விவசாயிகளின் குதிர்களில் அது பிரிந்து கிடக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், டிஸ்ட்ரிப்யூட்டட் பேக்கப்.

மதுரையில் தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து 'வயலகம்' என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கங்களாகச் சேர்த்துவருகிறது. மேல் கண்மாய் நிறைந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் என்பதால், ஒரு கண்மாய்க்கு ஒரு சங்கம் என்பதோடு நிற்காமல், ஒரே தொடரில் வரும் கண்மாய்களின் சங்கங்களை ஒன்றாக இணைப்பதும் அதன் வேலையில் ஒரு பகுதி. ஊர் எல்லையைத் தாண்டிய உறவு இது.

அப்போ அரசு எதற்கு?

நியாயமான கேள்வி. "மக்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவது அரசுக்கு ரொம்ப வசதி. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் எந்த ஒற்றுமையும் கரையைத் தாங்கிப் பிடிக்காது. கலுங்கை அகலப்படுத்தவும், கரையைப் பலப்படுத்தவும், நஷ்டஈடு கொடுக்கவும் பணமும் அதிகாரமும் வேண்டும். அது அரசின் கடமை. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விவசாயிகள் சங்கங்கள் மூலமாக வேலை நடக்க வேண்டும் என்பதுதான் ஐடியா. பல இடங்களில் வேலை நடந்தது. சங்கம் பெயரளவில் இருக்க, கான்ட்ராக்ட் வேலையாகவே முடிந்தது என்ற புகாரும் நிறைய வந்தது. பணம் மேலிருந்து வரும், சங்கத்தை மேலிருந்து அனுப்ப முடியாது என்பது அதில் உள்ள பாடம்.

அரசால் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. இந்த வருஷம் தண்ணீர் பத்தாது, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை ஊர்தான் முடிவு செய்ய முடியும். மேல் கண்மாய்க் கரை கசிகிறது என்று ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ் ஊருக்குப் போன் பண்ண, கலெக்டர் ஆபீஸுக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர் நம்பர்தான் கையில் இருக்க வேண்டும்.

நம்ம சைடு என்ன செய்யலாம்?

ஒன்று, டிசைன் பண்ணும்போது யூனிட்டை மாற்றுவோம். ஒரு வயலுக்கு சென்சார் என்பதற்குப் பதில் ஒரு ஆயக்கட்டுக்கு ஒரு அளவுகோல். பெரும்பாலான கண்மாய்கள் பல வருஷமாக மண் மேவிக் கிடப்பதால், பழைய கொள்ளளவுக் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது. மடை மட்டத்துக்கு மேல் நாலு அடி தண்ணீர் நின்றால் உண்மையில் எத்தனை பாய்ச்சலுக்கு வரும்? இது டோட்டல் ஸ்டேஷன் தூக்கத் தெரிந்த எந்த சிவில் மாணவரும் ஒரு சர்வே கேம்ப்பில் எடுத்துத் தரக்கூடிய தகவல். எங்கேயோ ஒரு மலையில் கான்டூர் போட்டு மார்க் வாங்கிய பிறகு தூக்கிப் போடும் ஷீட்டுக்குப் பதில், ஒரு ஊருக்கு உதவும் ஷீட். அதை ஆப்பில் பூட்டி வைக்காமல் மடைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போர்டாக எழுதி வைத்தால், போன் இல்லாதவரும் படிப்பார். எல்லோருக்கும் ஒரே எண் தெரிந்தால் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும்.

ரெண்டு, ரெக்வயர்மென்ட் கேட்கப் போகும்போது நிலத்துக்காரரை மட்டும் கேட்காதீர்கள். நீர்க்கட்டியைக் கேளுங்கள். களை எடுக்கும் அக்காவைக் கேளுங்கள். கடைமடையில் ஆரம்பித்துத் தலைமடைக்கு நடந்து வாருங்கள். ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டே மாறிவிடும்.

மூணு, நம்மில் பலர் வீட்டில் இன்னமும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஊரில் கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். வரத்துக்கால் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேட்க, இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் எதுவும் தேவையில்லை. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

நான்கு வருஷம் படித்து முடித்ததும் நம்மில் பெரும்பாலானோர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவோம். அது தப்பில்லை. ஆனால் ஒவ்வொருவர் கிளம்பும்போதும், கூட்டத்துக்கு வரும் ஒரு ஆளும், வரத்துக்கால் வெட்ட வரும் ஒரு கையும் ஊரில் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப நாம் ஒரு மெஷினை அனுப்புகிறோம் என்றால், அது மிச்சம் இருப்பவர்களைக் கூட்டத்துக்கு வரவைக்கிறதா, வரவேண்டாம் என்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். அதற்கான பதிலைப் பொறுத்துதான் அடுத்த வறட்சியில் அந்த ஒரு ஏக்கர்க்காரருக்குத் தண்ணீர் கிடைப்பதும் கிடைக்காததும்.